காய்ச்சல் என்று எழுதாதீர்கள். பொங்கல் என்று எழுதுங்கள்!

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற நம்மில் பெரும்பாலோர்க்கு ஆங்கிலத்தில் மனப்பாடமாக வந்த முதல் வாக்கியம் எது? "ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்பதே அது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, நாம் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்ட விடுப்புக் கடிதம். அத்தை மகள் திருமணமாயினும், ஊர்க் கோயில் தேரோட்டமாயினும், தீபாவளிக்கு மறுநாள் பேருந்தில் இடம் கிடைக்காமற் போனதாயினும், நாம் எழுதியது அந்த ஒரே காய்ச்சலைத்தான். காய்ச்சல் சலித்தபோது பாட்டியைக் கொன்றோம். நம் தலைமுறையின் பாட்டிமார் பலர் உயிரோடிருக்கையிலேயே பள்ளி அலுவலகத்தில் இரண்டு மூன்று முறை இறந்தவர்கள்!

அன்று அது சிரிப்புக்குரியது. ஆசிரியருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் அக்கடிதம் நம்மோடு விமானம் ஏறி அமெரிக்காவுக்கும் வந்துவிட்டதே, அதுதான் இங்குப் பேசப்பட வேண்டியது.

மத்திய நியூஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். 2025ஆம் ஆண்டுப் பொங்கல் சனவரி 14, செவ்வாய்க்கிழமை அன்று வந்தது. அந்த வார இறுதியில், "பொங்கலன்று யாரெல்லாம் வீட்டில் இருந்தீர்கள்?" என்று கேட்டேன். சில கைகள் உயர்ந்தன. "பள்ளிக்கு என்ன காரணம் சொன்னீர்கள்?" என்றேன். கைகள் தாழ்ந்தன. பத்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி மட்டும், "வயிற்று வலி என்று அம்மா போன் செய்துவிட்டார், டீச்சர். பொங்கல் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாதாம்" என்றாள். மற்றவர்கள் தலையசைத்தனர். ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் பல் மருத்துவர்.

இதில் வேடிக்கை என்னவெனில், அடுத்த சனிக்கிழமையன்று நம் சங்கம் பொங்கல் விழா எடுத்தது ஓர் உயர்நிலைப் பள்ளியின் அரங்கில்! வாடகை செலுத்தி, காப்பீட்டுச் சான்று கொடுத்து, எடிசன் நகரின் ஓக் மரச் சாலைக் கடைகளிலிருந்து கரும்பு வாங்கி வந்து மேடையில் கட்டினோம். பறையடித்தோம், கும்மியடித்தோம். சனிக்கிழமை அரங்கம் அதிரக் கொண்டாடிய அதே திருநாளைச் செவ்வாய்க்கிழமை வயிற்று வலி என்று ஒளித்தோம். பெற்றோரே, நாம் யாருக்கு அஞ்சுகிறோம்?

சட்டத்துக்கு அஞ்சுகிறோம் என்பீர்களாயின், அந்தச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்ப்போம். நியூஜெர்சிச் சட்டத்தொகுப்பின் 18ஏ தலைப்பில் 36ஆம் அதிகாரத்தின் 14 முதல் 16 வரையிலான பிரிவுகள் இதற்கெனவே உள்ளவை. சமயத் திருநாள் காரணமாகப் பள்ளிக்கு வராத மாணவருக்கு எந்தப் பரிசும், பரிசுக்குப் போட்டியிடும் வாய்ப்பும் மறுக்கப்படலாகாது. அன்று தேர்வு நடந்திருப்பின் மாற்றுத் தேர்வு எழுதும் உரிமை அவருக்கு உண்டு. பதிவேட்டில் அந்நாள் ஏற்கப்பட்ட விடுப்பாகவே பதியப்படல் வேண்டும். இத்தனைக்கும் ஈடாகச் சட்டம் கேட்பது பெற்றோர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தை மட்டுமே. எந்தெந்த நாள்கள் என்ற பட்டியலை மாநிலக் கல்வி வாரியம் ஆண்டுதோறும் ஏற்றுக்கொண்டு வெளியிடுகிறது. அப்பட்டியல் முடிந்த முடிபன்று. மாவட்டக் கல்வி வாரியங்கள் அதில் மேலும் நாள்களைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் நாள் அதில் இல்லையாயின், வாரியக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டவர் எத்தனை பேர்?

இப்போது அந்தப் பொய்யின் விலையைக் கணக்கிடுவோம். பள்ளி நாள்களில் பத்து விழுக்காடு, அதாவது 180 நாள் ஆண்டில் 18 நாள், வராதிருந்தால் அம்மாணவர் நாட்பட வராதவர் என்னும் கணக்கில் சேர்கிறார். ஒரு பள்ளியில் அத்தகையோர் பத்து விழுக்காட்டை எட்டினால் அப்பள்ளி திருத்தத் திட்டம் வகுத்தாக வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு நியூஜெர்சி சட்டமியற்றியது. இந்தக் கணக்கில் உண்மைக் காய்ச்சலும் சேரும். மருத்துவர் சான்று கொடுத்தாலும் சேரும். சமயத் திருநாள் சேராது! பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் கல்லூரிகளைப் பார்வையிடச் செல்லும் நாள்களுள் ஆண்டுக்கு மூன்று வரை சேரா. ஆக, பொங்கல் என்று எழுதியிருந்தால் கணக்கிலேயே வந்திராத ஒரு நாளை, காய்ச்சல் என்று எழுதிப் பிள்ளையின் தலையில் நாமே ஏற்றி வைக்கிறோம். ஒரு நாளும் தவறாது வந்தமைக்கான சான்றிதழ் போய்விடுமே என்று கலங்கும் பெற்றோர் நம்மிடையே மிகுதி (அச்சான்றிதழின் மேல் நமக்குள்ள காதல் தனிக் கட்டுரைக்குரியது). அச்சான்றிதழைக் காப்பதும் அந்த உண்மைக் கடிதமே. காய்ச்சலுக்கு அத்தகைய காப்பு இல்லை.

இது ஒரு பிள்ளையின் இழப்பு. சமூகத்தின் இழப்பு இதனினும் பெரிது.

அமெரிக்கப் பொதுப் பள்ளிகள் ஒரு சமயத்தைப் போற்றுவதற்காகக் கதவடைக்க இயலாது. அரசியல் சட்டம் இடங்கொடாது. மாணவரும் ஆசிரியரும் பெருந்தொகையாக வராமற் போவதால் வகுப்பு நடத்துவதில் பொருளில்லை என்ற உலகியல் காரணம் காட்டியே கல்வி வாரியங்கள் விடுமுறை அறிவிக்கின்றன. நியூயார்க் நகரில் யூதப் பெருநாள்களுக்குப் பள்ளிகள் மூடப்படலாயின என்றால், யூத ஆசிரியர் அந்நாள்களில் பள்ளிக்கு வாராமையும் அதற்கொரு காரணம். அதே நகரில் 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மேயர் பில் டி பிளாசியோ இரு ஈகைத் திருநாள்களையும் பள்ளி விடுமுறையாக அறிவித்தபோது, முன்னர் வந்த ஒரு பெருநாளன்று புரூக்ளினின் ஒரு பள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட மாணவர் வரவில்லை என்பதை எடுத்துக் காட்டினார். அந்த இசுலாமியப் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள். அதற்கும் மேலாக, தம் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்பதை ஒளிக்காமல் இருந்தார்கள்.

நம் நிலை என்ன? தமிழர் செறிந்து வாழும் மாவட்டங்களில் பொங்கலன்று எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் வரவில்லை என்று ஒரு வாரிய உறுப்பினர் நல்லெண்ணத்தோடு பதிவேட்டைப் புரட்டினால் அவர் காண்பது என்ன? சனவரி நடுவில் ஒரு சிறு காய்ச்சல் அலை! நாம் இல்லாதவர்களாக இருப்பது எவரும் நம்மை ஒதுக்கியதால் அன்று. நம் கையாலேயே நம்மை அழித்து எழுதியதால்.

தீபாவளிக்கு வழி பிறந்துவிட்டதே என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். நியூஜெர்சியில் பல மாவட்டங்கள் அந்நாளில் பள்ளிகளை மூடுகின்றன. கலிபோர்னியாவில் சான் ஓசேயின் சட்டமன்ற உறுப்பினர் ஆஷ் கால்ராவும் பிறரும் முன்னெடுத்த சட்டம் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கையொப்பம் பெற்றது. இவை பெரும்பாலும் வட இந்தியரும் பிறரும் கூடிக் கேட்டுப் பெற்றவை. நாம் அந்த நிழலில் ஒதுங்கிக்கொண்டோம். அதிலும் நாம் எண்ணெய் தேய்த்து நீராடும் விடியல் சில ஆண்டுகளில் அவர்களுடைய இலக்குமி பூசைக்கு முந்திய நாளில் வந்துவிடும்; விடுமுறை அவர்கள் நாளுக்கே. குறை கூறவில்லை. கேட்டவர்க்குக் கிடைத்தது.

இனி, நம்முள் தன்மதிப்புள்ள பலர் எழுப்பும் ஒரு நேர்மையான தடையைக் கருதுவோம். "பொங்கல் சமயத் திருநாளன்று, அது உழவர் திருநாள், தமிழர் திருநாள். அதைச் சமயம் என்று எழுதினால் அதுவும் பொய்யல்லவா?" என்கிறார்கள். தமிழ்க் கிறித்தவ வீட்டிலும் பொங்கல் பொங்குகிறது, பகுத்தறிவாளர் வீட்டிலும் பொங்குகிறது. கதிரவனுக்குப் படைப்பவருக்கு அது வழிபாடு. படைக்காதவருக்குப் பண்பாடு. நியூஜெர்சிச் சட்டமும் டெக்சாஸ் சட்டமும் "சமயம்" என்ற ஒரு வாயிலை மட்டுமே திறந்து வைத்துள்ளன. அவ்வாயிலில் நுழைய மனம் ஒப்பாத தமிழர் என் செய்வது?

கலிபோர்னியா இதற்கு விடை கண்டது. அம்மாநிலத்தின் கல்விச் சட்டத் தொகுப்பில் 48205ஆம் பிரிவு, ஏற்கத்தக்க விடுப்புகளை வரிசைப்படுத்துகிறது. 2021ஆம் ஆண்டு இயற்றிய திருத்தத்தின் வழியாக, பண்பாட்டுச் சடங்கிலோ நிகழ்விலோ கலந்துகொள்ளும் பொருட்டு எடுக்கும் விடுப்பும் அதனுள் சேர்க்கப்பட்டது. பண்பாடு என்பது ஒரு குறிப்பிட்ட மக்கட் கூட்டத்தின் பழக்கவழக்கங்கள், நம்பிக்கைகள், மரபுகள் ஆகியவற்றைச் சார்ந்தது என்றும் அச்சட்டமே பொருள் கூறுகிறது. பொங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை எந்தத் தையற்காரர் தைத்துத் தருவார்! விரிகுடாப் பகுதித் தமிழ்ப் பெற்றோர் எத்தனை பேருக்கு இப்படியொரு வரி தங்கள் சட்டத்தில் இருப்பது தெரியும்? ஃப்ரீமாண்டிலும் சன்னிவேலிலும் நான் சந்தித்த நண்பர்களைக் கேட்டேன். அவர்களும் காய்ச்சலே எழுதுகிறார்கள்.

நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் உள்ள தமிழ்ச் சங்கங்கள் கேட்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். தமிழர்க்கென்று தனிச் சலுகை அன்று அது. சந்திரப் புத்தாண்டு கொண்டாடும் சீனருக்கும் கொரியருக்கும், நவ்ரூசு கொண்டாடும் ஈரானியருக்கும், தம் முன்னோர் விழாவுக்குச் செல்லும் பூர்வகுடி மாணவருக்கும் அதே வரி பயன்படும். கூட்டாளிகள் நிறையக் கிடைப்பார்கள்.

டெக்சாஸ் நண்பர்கள் தங்கள் மாநில விதியைச் சற்றுக் கவனமாகவே படிக்க வேண்டும். அங்குப் பிழை செய்தால் மதிப்பெண்ணிலேயே கை வைப்பார்கள். ஒரு வகுப்பு நடக்கும் நாள்களில் 90 விழுக்காடு வந்திராத மாணவருக்கு அவ்வகுப்பின் தகுதி மதிப்பீடு வழங்கலாகாது என்பது கல்விச் சட்டத்தின் 25.092ஆம் பிரிவு. 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்திருந்தால் பள்ளி முதல்வர் ஏற்கும் திட்டத்தை நிறைவு செய்து மீளலாம். வருகைக் குழுவிடம் முறையிடவும் வழியுண்டு. ஆனால் 25.087ஆம் பிரிவு சில நாள்களை விலக்கி வைக்கிறது. சமயப் புனித நாள், அதற்காகப் போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள். மாணவர் தம் குடியுரிமை விண்ணப்பத்துக்காக அரசு அலுவலகம் செல்லும் நாள். குடியுரிமை உறுதிமொழி ஏற்கும் நாள். விடுபட்ட பாடங்களை முடித்துக் கொடுத்தால் இவை வந்த நாள்களாகவே கொள்ளப்படும், பள்ளிக்குரிய மாநில நிதியும் குறையாது. அதே வேளையில், தனி ஒருவர்க்கான சடங்குகள் புனித நாள் என்னும் வரையறைக்குள் வாரா. தங்கையின் காதணி விழாவையும் மாமன் மகளின் பூப்பு நீராட்டையும் இதன்கீழ் எழுத இயலாது, எழுதவும் கூடாது.

நான் சட்டங்களைப் புகழ்கிறேன் என்று எண்ண வேண்டா. சாவு வீட்டைப் பற்றி இச்சட்டங்கள் பேசுவதைப் பாருங்கள். கலிபோர்னியாவில் நீண்டகாலம் இருந்த விதி, நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்கு மாநிலத்துக்குள் என்றால் ஒரு நாள், வெளியே என்றால் மூன்று நாள். மூன்று நாளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னை சென்று, அங்கிருந்து தஞ்சைக்கோ நெல்லைக்கோ சென்று, பாட்டியின் முகம் பார்த்துத் திரும்ப இயலுமா? யாழ்ப்பாணம் செல்வோர் கொழும்பில் இறங்கியபின் இன்னும் ஒரு பகல் பயணம் செய்ய வேண்டும். 2023இல் இயற்றிய திருத்தம் இதை ஐந்து நாளாக்கியது. துயர் காக்கும் நாளையும் சேர்த்தது. நெருங்கிய உறவு யார் என்று கூறும் உரிமையைப் பெற்றோர்க்கும் கொடுத்தது. நன்று. எனினும் நம் பதினாறாம் நாள் காரியமும், ஈழத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் ஐந்து நாளுக்குள் அடங்குமா? நியூஜெர்சியிலோ, மாவட்டம் அந்த விடுப்பை ஏற்றுக்கொண்டாலும் பத்து விழுக்காட்டுக் கணக்கிலிருந்து அது விலகுவதில்லை. கல்லூரி பார்க்கப் போனால் கணக்கில் இல்லை. பாட்டிக்கு வாய்க்கரிசி போடப் போனால் கணக்கில் உண்டு! இதனை அநீதி என்று சொல்லாமல் வேறென்னென்பது? வகுப்புப் பாடத்தைத் தொலைவிலிருந்தே முடிப்பதற்குக் கலிபோர்னியப் பள்ளிகளில் தனிப் பயில்வு உடன்படிக்கை என்ற ஏற்பாடு உண்டு. புறப்படுமுன் கையொப்பமிட்டால் பயன் தரும். திரும்பி வந்து கேட்டால் பெரும்பாலும் பயனில்லை.

சாவுக்கு விடுப்புக் கேட்கும்போது அலுவலகத்தில் ஐயக்கண்ணோடு பார்க்கிறார்கள் என்று வருந்துவோர் உண்டு. நானும் பட்டிருக்கிறேன். என் மாமியார் மறைந்தபோது, என் மகன் படித்த பள்ளியின் அலுவலகத்தில் இறப்புச் சான்றின் ஆங்கிலப் படி கேட்டார்கள். ஊரில் பிணம் எடுக்கவில்லை, இவர்கள் தாள் கேட்கிறார்களே என்று கொதித்தேன். வீடு வந்தபின் எண்ணிப் பார்த்தேன்: அந்த ஆண்டில் மகனுக்கு வந்த காய்ச்சல்களுள் எத்தனை உண்மை? இரண்டு திருநாள், ஒரு திருமணம். மூன்றும் என் கையெழுத்தில் காய்ச்சல். பதிவேட்டைப் பார்த்தவர் ஐயுற்றதில் என்ன வியப்பு?

பதிவேடு விளையாட்டன்று என்பதற்கு ஒரு சான்று. சான் பிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞராக இருந்த கமலா ஆரிசு, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள், பள்ளிக்கு வராமையைக் குற்றவியல் பொருளாக்க முனைந்தவர். அவர் ஆதரவோடு 2010இல் கலிபோர்னியாவில் இயற்றிய சட்டம், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் காரணமின்றி நாட்பட வராமற்போனால் பெற்றோர்க்கு ஓராண்டு வரை சிறையும் 2,000 டாலர் வரை தண்டமும் விதிக்க வழி செய்தது. பிற மாவட்டங்களில் பெற்றோர் கைது செய்யப்பட்டனர். நாட்பட்ட நோயுற்ற பிள்ளையின் தாயும் அவர்களுள் ஒருவர். அவ்விளைவுகளுக்காகத் தாம் வருந்துவதாக 2019இல் ஆரிசு கூறினார். தமிழ்த் தாயின் மகள் என்று நாம் கொண்டாடியவர் கொண்டுவந்த விதியில் "ஏற்கத்தக்க காரணம்" என்ற சொல்லே ஒரு குடும்பத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நின்றது. கலிபோர்னியாவில் மூன்று முழு நாள் ஏற்கத்தக்க காரணமின்றி வராமலிருந்தாலே சட்டப்படி அம்மாணவர் பள்ளி தவிர்ப்பவர் ஆகிறார் என்பதையும் நினைவிற் கொள்க.

நம்மவர் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று. டிசம்பர் பத்தாம் நாள் பயணச்சீட்டு மலிவு என்று புறப்பட்டுப் பொங்கல் முடிந்து திரும்பும் குடும்பங்கள் உண்டு. அது பண்பாட்டு விடுப்பன்று, மலிவு விடுப்பு. பெருந்தொற்றுக்குப் பின் கலிபோர்னியாவில் நாட்பட வராதோர் 2018-19இல் இருந்த 12 விழுக்காட்டிலிருந்து 2021-22இல் 30 விழுக்காடாக உயர்ந்தனர். பள்ளிகள் கடுமை காட்டுவதற்கு அவர்களுக்கும் காரணம் உண்டு. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பள்ளிக்கு வரும் மாநில நிதி மாணவரின் அன்றாட வருகையைப் பொறுத்தது. நாம் மூன்று வாரம் போனால் அந்த இழப்பு அடுத்த வீட்டுப் பிள்ளையின் நூலகத்துக்கும் சேர்த்துத்தான். வேதியியல் ஆய்வகத்தில் தவறவிட்ட மூன்று வாரத்தை எந்த மாற்றுத் தேர்வும் ஈடு செய்யாது. இளையோரே, உங்களுக்கும் ஒன்று: கணிதத் தேர்வுக்குப் படிக்காத நாளில் திடீரென்று நினைவுக்கு வரும் சட்டி, கார்த்திகை எல்லாம் வேண்டா. முருகனே நாணுவான்.

ஆனால் தை முதல் நாள் வேறு. அன்று வீட்டில் இருங்கள். இருந்தமைக்குக் காரணத்தை முன்கூட்டியே, ஒரு வாரத்துக்கு முன்பே, பள்ளி அலுவலகத்துக்கும் பாட ஆசிரியர்க்கும் எழுதுங்கள். தேர்வு இருந்தால் மாற்று நாளை அக்கடிதத்திலேயே கேளுங்கள். படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். என்ன எழுதுவது என்று கேட்ட அந்தப் பத்தாம் வகுப்பு மாணவியின் தாய்க்கு நான் எழுதிக் கொடுத்தது இது, ஆங்கிலத்தில் ஆக்கிக்கொள்க:

"என் மகள் நாளை பள்ளிக்கு வரமாட்டாள். நாளை பொங்கல், தமிழ் மக்களின் அறுவடைத் திருநாள். எங்கள் குடும்பம் கதிரவனை வணங்கி இந்நாளைக் கொண்டாடுகிறது. இதனைச் சமயத் திருநாள் விடுப்பாகப் பதியுமாறும், அன்று நடக்கும் வரலாற்றுத் தேர்வை வேறொரு நாளில் எழுத இசையுமாறும் வேண்டுகிறேன்."

கலிபோர்னியாவில் உள்ளோர் "சமயத் திருநாள்" என்னும் இடத்தில் "பண்பாட்டு நிகழ்வு" என்று மாற்றிக்கொள்ளலாம். கையொப்பம் தமிழில் இருப்பதை எந்த மாநிலச் சட்டமும் தடுக்கவில்லை.